சந்தனம் பூசிய ஃபேன்

“சத்தமே போடாம, சூட்டையும் நல்லா வெளிய தள்ளற ஃபேன் எதுங்க, தாயே?”

தெய்வசிகாமணி இப்படிக் கேட்டபோது மரகதவல்லி அம்மையார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“என்னையவா கேக்கறீங்க? கடையில கேளுங்ணா.”

“போன்ல கேட்டேனுங்க. ஒவ்வொருத்தரும் ஒண்ணைச் சொல்லி இதுதான் நல்லதுங்கறாங்க. எதை நம்பறதுன்னு தெரியல.”

“உக்காருங்க. இந்தக் கொத்தை உருவிக் குடுங்க.”

சிகாமணி உட்கார்ந்தார். கை கீரையில் இருந்தது. காது மாடியில் இருந்தது. அங்கே, சாத்திய கதவுக்குப் பின்னால், மடத்துக் கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது.

பவானிக்குப் பக்கத்தில் இருந்தது அந்த மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, மாடியில் ஒரே ஒரு அறை. குருவான அம்மையாரைவிடச் சீடர் சிகாமணி வயதில் மூத்தவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குருவைத் தாயே என்பார். குரு அவரை அண்ணா என்பார். புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

சிகாமணியின் மனைவி தவறிய பிறகு அந்த மனுஷர் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். யாரோ கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்தார்கள். அம்மையார் உபதேசம் ஒன்றும் பண்ணவில்லை. ஒரு பதிகம் பாடினார். சிகாமணி அழுதார். அழுது முடித்து, எழுந்து போய்ச் சாப்பிட்டார். அன்றிலிருந்து காலையில் அந்தக் குரலைக் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

இப்போது அம்மையாரின் கழுத்தில் ஒரு கட்டி. வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் ஆபரேஷன். கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது, குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை பாடலாம், தொண்டை களைத்தால் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

அதற்குள் அந்தக் குரலைப் பிடித்து வைத்துவிட வேண்டும். சிகாமணிக்கு வேறு நினைப்பே இல்லை. அன்பர் ஒருவர் நல்ல மைக் ஒன்று கொடுத்திருந்தார். ஆனால் எத்தனை தரம் பதிவு செய்தாலும் பாட்டுக்கு அடியில் கம்ப்யூட்டர் ஃபேனின் இரைச்சல் ஓடியது.

சமையல்கட்டிலிருந்து பாவாயி எட்டிப் பார்த்தாள். மடத்துக்குச் சமைக்கிறவள்.

“ஏனுங்ணா, செல்போன்ல பதியக் கூடாதா? எம் பேத்தி பாடினதை நான் அதுலதான் வெச்சிருக்கேன்.”

“போன திருவாதிரைக்கு அப்படிப் பதிஞ்சு பாத்தாச்சு. உன் இருமல்தான் கேக்குது.”

“அப்ப அந்தப் பொட்டியத் தூரமா வெச்சுட்டு மைக்கை மட்டும் கிட்ட வைங்க.”

“வயர் பத்தாது. நீட்டினா வேற ஒரு இரைச்சல் வருது.”

“உங்களுக்கு எதைச் சொன்னாலும் ஒரு இரைச்சல் வருதுங்ணா” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அம்மையார் சிரித்தார். சிகாமணி சிரிக்கவில்லை. அவர் உருவிய கீரையில் பாதி காம்பாக இருந்தது.

*

அன்று பிற்பகல் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

வெளிச்சத்தம் வராமல் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினார். கம்ப்யூட்டர் பெட்டிமேல் பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வையைப் போர்த்தினார். அதற்குமேல் ஒரு ஜமக்காளம். காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டார். இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது.

“தாயே, வாங்க! இப்பப் பாடுங்க!”

சித்திரை வெயில். அறை புழுங்கியது. அம்மையார் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பாடத் தொடங்கினார். அன்றைக்குக் குரல் எப்படிக் கூடி வந்தது என்று அந்தச் சாமிக்குத்தான் தெரியும். கீழே பாவாயி கரண்டியை வைத்துவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ரஜாய்க்குள் இரைச்சல் மெல்லக் கூடியது. பிறகு பலமாகக் கூடியது. பிறகு ஒரேயடியாக நின்றது.

திரை கறுப்பாகிவிட்டது. பாட்டு பாதியில் இருந்தது.

சிகாமணி பொத்தானை அழுத்தினார். இன்னொரு தரம் அழுத்தினார். “ஐயோ, போச்சே. பதிஞ்சது அத்தனையும் போச்சே. உங்க தொண்டையை வேற வீணாக்கிட்டேனே.”

அம்மையார் எழுந்து வந்து ஜமக்காளத்தை எடுத்து மடித்து வைத்தார். ரஜாயை எடுத்து மடித்து வைத்தார். பிறகு சிகாமணியின் கையைப் பிடித்து, பெட்டியின் பின்பக்கம் வைத்தார்.

“சுடுதுங்க.”

“இத்தனை நேரம் அதைத்தான் கத்திக் கத்திச் சொல்லிட்டிருந்துச்சு. நீங்க அது வாயைப் பொத்தினீங்க.”

சிகாமணி கையை எடுக்கவில்லை.

“பாதிப் பாட்டு போயிருச்சுங்களே, தாயே.”

“போனாப் போகுது. நீங்க இங்கதான இருந்தீங்க? எந்தப் பதிகம் பாடினேன்?”

சிகாமணிக்கு நினைவில்லை. ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்கியது. பாட்டு நடந்த நேரமெல்லாம் அவர் ஃபேனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் ஈரோட்டில், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் நின்றார். நசீமா என்ற பெண்மணி நடத்துகிற கடை. சிகாமணி போனில் காட்டிய பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, அவர் மூன்று ஃபேன்களை மேஜைமேல் வைத்தார்.

“ஐயா, சின்ன ஃபேன் நிறையக் காத்துத் தள்ளணும்னா தலைதெறிக்க ஓடணும். அதான் சத்தம். இந்தப் பெருசு மெதுவாச் சுத்தினாலே அதே காத்தைத் தள்ளிரும். உங்க பெட்டியில முன்பக்கம் இதுக்கு இடம் இருக்குது. உள்ள தூசியைத் தட்டிட்டு மாட்டுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க.”

“ஜன்னலைத் திறந்தா வெளிச்சத்தம் வருமேம்மா.”

“மூடினா அறை சூடாகும். அறை சூடானா ஃபேன் வேகம் கூடும்.”

“சரி. இதைப் போட்டாச் சத்தம் வராதில்ல?”

“ரொம்பக் குறையும்.”

“குறையுமா, வராதா?”

“சுத்தற பொருள்ங்கய்யா. துளி வரத்தான் செய்யும். கிட்டப் போய்க் காதை வெச்சாத்தான் கேக்கும்.”

“காதை வெச்சாக் கேக்குமா?”

நசீமா அவர் முகத்தைப் பார்த்தார். ஃபேனைக் கீழே வைத்தார்.

“வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களாய்யா?”

“எங்கம்மாவுக்கும்மா. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.”

“உங்கம்மான்னா நல்ல வயசிருக்குமே.”

“என்னைவிடச் சின்னவங்க.”

நசீமா ஒரு நிமிஷம் முழித்தார். “தொழுகையில நானும் துவா கேக்கறேங்கய்யா” என்று சொல்லி, ஃபேனை அட்டைப்பெட்டியில் வைத்து, திருகாணிகளையும் எண்ணிப் போட்டுக் கொடுத்தார்.

*

மடத்துக்குள் புதிதாக எது வந்தாலும், மிக்ஸியே ஆனாலும், விளக்குக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் எடுப்பார்கள். சிகாமணியும் அப்படித்தான் செய்தார். நடுவில் குங்குமம் வைத்தார். ஓர் இறக்கையில் சந்தனம் வைத்தார். வைக்கும்போது, இது சத்தம் போடக் கூடாது, அவங்க குரல் போகக் கூடாது, என்று வேண்டிக்கொண்டார். வேண்டுதல் முடியும் வரைக்கும் கையும் பூசிக்கொண்டே இருந்தது.

பழைய ஃபேனைக் கழற்றித் தூசி தட்டினார். புதியதை முன்பக்கம் வைத்துத் திருகாணி முடுக்கினார். ஜன்னலைத் திறந்து வைத்தார். சுவிட்சைப் போட்டார்.

டர்ர்ர்ர் என்றது.

பழைய ஃபேன் இரைந்தது, அவ்வளவுதான். இது பெட்டியையே உதறியது. சிகாமணி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏமாத்திட்டாங்க, தாயே. அந்தப் பொண்ணு நல்லவளாட்டந்தான் பேசுச்சு.”

வியாழக்கிழமை காலை அது. மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். பாவாயி கீழே பையில் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மையார் வந்து பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“எதையோ ஒரு பக்கமாச் சுமக்குதுங்ணா. நிறுத்திட்டுத் திறங்க.”

திறந்தார். இறக்கையில் சந்தனம் காய்ந்து, வடை கனத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

பையோடு மேலே வந்த பாவாயி பார்த்துவிட்டாள். “ஏனுங்ணா, ஃபேனுக்கு நலங்கு வெச்சிருக்கீங்களா? மாப்பிள்ளை யாரு?”

“நீ சும்மா இரு, பாவாயி.”

அம்மையார் முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்தார். இறக்கையைத் துடைக்கத் தொடங்கினார்.

சிகாமணி பதறினார். “தாயே, அது சாமிக்கு வெச்சதுங்க.”

“சாமிக்குன்னா ஒரு பொட்டு போதுங்ணா. இத்தனையும் உங்களுக்கு வெச்சுக்கிட்டது.”

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். அம்மையார் முழுக்கத் துடைத்து, ஈரம் போக ஊதிவிட்டு, நகர்ந்தார்.

மறுபடி சுவிட்சைப் போட்டார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

*

சிகாமணி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

“என்னுங்ணா?”

“கடிகாரமுங்க. டிக் டிக்குங்குது. இத்தனை நாள் கேக்கல.” எழுந்து போய்ச் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார்.

திரும்ப உட்கார்ந்தார். “எதிர் வீட்டுத் தறிங்க. ஒரு நிமிஷம் தாயே, நிறுத்தச் சொல்லிட்டு வந்தர்றேன்.”

“அவன் வயித்துப் பொழப்பு அது” என்றாள் பாவாயி. அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். தறிக்காரர் நல்ல மனுஷர், அம்மையாருக்காக என்றதும் நிறுத்திவிட்டார்.

சிகாமணி மூச்சிரைக்க மேலே வந்தார். உட்கார்ந்தார். அம்மையார் பாட வாய் திறந்தார்.

“இருங்க, தாயே. அணில் கத்துது.”

அணில் போயிற்று. கீழே கார் வந்து நின்றது. டிரைவர் ஒரு தரம் ஹாரன் அடித்தார்.

“நான் போய்ச் சொல்றேன்” என்று பாவாயி எழுந்தாள். இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

அறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். சிகாமணி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நெற்றியில் வேர்வை ஓடியது. கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

“இன்னும் எதோ கேக்குதுங்க. சர் சர்ருன்னு.”

அம்மையார் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“இப்பக் கேக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அது என்னோட மூச்சுங்ணா.”

சிகாமணி கண்ணைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்ற அவருக்குத் தைரியம் வரவில்லை. கீழே ஹாரன் மறுபடி அடித்தது. பாவாயி டிரைவரைத் திட்டுவது கேட்டது. யாரும் சொல்லாமலே எதிர் வீட்டுத் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

“தாயே, கொஞ்சம் பொறுங்க. துளிச் சத்தங்கூட இல்லாத ஒரு நேரம் கிடைக்கட்டும். அப்புறம் பாடலாமுங்க.”

மரகதவல்லி அம்மையார் மைக்கைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்த நேரம் நாளைக்கு அப்புறம் நிறையவே கிடைச்சாலும் கிடைக்குமுங்ணா. சத்தம் இருக்கறப்பவே நான் பாடிர்றேன்.”