மயில் வரிசையும் தவளை வரிசையும்

குளக்கரையில ஒரு மருதமரம். மருதமரத்தடியில ஒரு பள்ளிக்கூடம். முயல் பிள்ளை, எலிப் பிள்ளை, மயில் பிள்ளை, பாம்புப் பிள்ளைன்னு எல்லாம் அங்க ஒண்ணா உக்காந்து படிக்கும். பள்ளிக்கூட எல்லைக்குள்ள யாரும் யாரையும் தின்னக் கூடாது. அது சட்டம். எல்லைக்கு வெளிய? அது அவங்கவங்க சாமர்த்தியம்.

சொட்டுமணிங்கிற தவளையோட பிள்ளையும் அங்கதான் படிச்சான். பேரு துளி. அவன் மட்டும் கரையில உக்கார மாட்டான், தண்ணியில இருந்தே படிப்பான். ஏன்னா அவனுக்கு இன்னும் கால் முளைக்கல. கூடப் பொறந்ததுக எல்லாம் கால் முளைச்சு, வால் மறைஞ்சு, தத்தித் தத்திப் போயாச்சு. துளி மட்டும் இன்னும் தலைப்பிரட்டை.

மைனா டீச்சர் தண்ணி ஓரமா வந்து குனிஞ்சு கேப்பாங்க. "துளிக் கண்ணு, ரெண்டும் மூணும் எத்தனை?"

தண்ணிக்குள்ள இருந்து குமிழி வரும். ப்ளுப். ப்ளுப். ப்ளுப். ப்ளுப். கொஞ்சம் யோசிச்சுட்டு இன்னொரு ப்ளுப்.

தாமரை இலைக்கு அடியில ஒளிஞ்சு பார்த்துக்கிட்டிருக்கிற சொட்டுமணியும் கூடவே விரலை மடக்கி எண்ணுவா.

இந்த நிலைமையிலதான் பள்ளிக்கூடக் குழுவுல ஒரு இடம் காலியாச்சு.

பள்ளிக்கூடம் எங்க நடக்கணும், எப்ப மணி அடிக்கணும், யாரு பாடம் எடுக்கணும், எல்லாத்தையும் முடிவு பண்றது அந்தக் குழுதான். மொத்தம் அஞ்சு பேரு. பள்ளிக்கூடத்தை அப்படியே தூக்கிப் பாறை உச்சிக்குக் கொண்டுபோகணும்னு ரெண்டு பேரு. குளக்கரையிலயே இருக்கட்டும்னு ரெண்டு பேரு. அஞ்சாவது ஆளு யாரோ, அவங்க சொல்றதுதான் முடிவு.

அந்த அஞ்சாவது இடத்துக்கு மயில் ராசமாணிக்கம் நின்னாரு.

"பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே, தாய்மார்களே, முட்டையிட்டோரே, குட்டி போட்டோரே!" ராசமாணிக்கம் கழுத்தை ஒரு வெட்டு வெட்டினாரு. "இது பள்ளிக்கூடமா? சேறு. என்ன இருக்கிறது இங்கே? கொசு. பாறை உச்சியைப் பாருங்கள். காற்று. வெளிச்சம். பிள்ளைகள் தோகை விரிக்க இடம்."

"எங்க பிள்ளைக்குத் தோகை இல்லையே," அப்படின்னுச்சு ஒரு எலி.

"விரிப்பதற்கு இடம் இருந்தால் தானாக வளரும்," அப்படின்னாரு மயிலு. கூட்டம் கை தட்டுச்சு.

சொட்டுமணி தத்தித் தத்தி மேடைக்குப் பக்கத்துல போனா. "ஐயா, என் பிள்ளைக்குக் கால் இல்லீங்க. பாறைக்கு எப்படி வருவான்?"

ராசமாணிக்கம் கெட்டவரு இல்ல. குனிஞ்சு பார்த்தாரு. ரொம்பக் குனிய வேண்டியிருந்துச்சு. "கால் முளைத்ததும் அனுப்பம்மா. சேர்த்துக்கொள்ளலாம்."

"அதுவரைக்கும்?"

அதுக்குள்ள அவரு நிமிர்ந்துட்டாரு. அந்த உயரத்துக்குத் தவளைச் சத்தம் கேக்காது.

அன்னிக்கு முழுக்க சொட்டுமணி ஒரு ஈயைக்கூடத் தொடல. சாயங்காலம் நேரா தேர்தல் அதிகாரிகிட்ட போனா. அதிகாரி யாருன்னா, அணில் சட்டநாதன். கொட்டையைக் கடிக்கும்போதுகூட நாலு பக்கமும் பார்த்துட்டுத்தான் கடிப்பாரு.

"நானும் நிக்கிறேங்க," அப்படின்னா.

சட்டநாதன் மூச்சு விடாம ஒப்பிச்சாரு. "வேட்பாளர் தம் பிள்ளையை இப்பள்ளியில் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருக்கிறீர்களா, சரி. வாக்களிப்போர் வேட்பாளர் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். முன்னால் நிற்பவரின் வாலைப் பின்னால் நிற்பவரின் மூக்கு தொட வேண்டும். வால் இல்லையேல் முதுகு. கோவைக்கொடியால் அளக்கப்படும். எந்த வரிசை நீளமோ அவரே வென்றவர்."

"தலையை எண்ண மாட்டீங்களா?"

"தலையையா?" அணிலுக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. "வரிசை என்றால் நீளம்தானே?"

"நாங்க பத்துத் தவளை நின்னாலும் ஒரு தோகை அளவுக்கு வர மாட்டோமே ஐயா. இந்த விதியை மாத்தக் கூடாதா?"

"தாராளமாக மாற்றலாம். குழு மாற்ற வேண்டும்."

"குழுவுல எப்படிப் போறது?"

"வரிசை நீளமாக இருக்க வேண்டும்," அப்படின்னுட்டு சட்டநாதன் மரத்து மேல ஏறிட்டாரு.

சொட்டுமணி முயல் செம்பகத்துகிட்ட போய்ச் சொல்லி அழுதா. செம்பகம் ரெண்டு காதையும் தொங்கப் போட்டுக்கிட்டுக் கேட்டுச்சு.

"என் பிள்ளைகளுக்கு என்னடி, பாறையில ஏறிடும். ஆனா உன் பிள்ளையைத் தண்ணியிலயே விட்டுட்டு எங்க பிள்ளைக மட்டும் போய் அ ஆ படிக்கிறதா? நான் உன் பக்கம் நிக்கிறேன். எலிகளும் நிக்கும், ஆமையும் நிப்பாரு. ஆனா கேட்டுக்கோ, ஆளு நம்ம பக்கம்தான் ஜாஸ்தி. நீளம் அவங்க பக்கம். மூணு மயிலு, ஒரு மந்தி, ஒரு உடும்பு. எல்லாம் ஆளை விட வால் பெருசு."

"நம்ம ஊருல நீளமான ஆளு வேற யாரு இருக்காங்கக்கா?"

செம்பகம் யோசிச்சுச்சு. யோசிச்ச உடனே காது ரெண்டும் விறைச்சுக்கிச்சு. "அடியே. வேணாம்."

"யாரு?"

"நான் சொல்ல மாட்டேன்."

"சாரைப்பாம்பு சடையாண்டியா?"

"நான் சொல்லலை. நீயா சொன்னே. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல."

சடையாண்டியோட புத்து பள்ளிக்கூட எல்லைக்கு வெளிய இருந்துச்சு. எல்லைக்கு வெளியன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்.

மறுநாள் நல்ல வெயில் நேரத்துல சொட்டுமணி அந்தப் புத்து வாசல்ல போய் நின்னா. நின்னான்னா, திரும்பித் தாவி ஓட வசதியா ஒரு பக்கமாத் திரும்பி நின்னா.

"சடையாண்டி அண்ணே."

உள்ள இருந்து நிதானமா, இழுத்து இழுத்து ஒரு குரல். "யாரு... அது?"

"சொட்டுமணி. தவளை."

"தவளையா?" தலை வெளிய வந்துச்சு. கழுத்து வந்துச்சு. உடம்பு வந்துச்சு. வந்துக்கிட்டே இருந்துச்சு. "தானா... வந்திருக்கே?"

"ஓட்டுக் கேக்க வந்தேன்."

சடையாண்டி தலையைச் சாய்ச்சு அவளைப் பார்த்தாரு. "நான் என்ன சாப்பிடுற ஆளுன்னு... உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்க பெரியப்பாவை உங்களுக்குத் தெரியும்ல?"

பாம்பு தலையைக் கீழ போட்டுக்கிச்சு. "...தெரியும்."

"அவரைப் பத்திப் பேச வரல. உங்க பையன் பின்னாடி வரிசையில தனியா உக்காந்து படிக்கிறான். நல்லாப் படிக்கிறான். பள்ளிக்கூடம் பாறைக்குப் போயிட்டா அவனை அனுப்புவீங்களா?"

"பாறைக்கா? மயிலு ஆடுற இடத்துக்கா?" சடையாண்டி உடம்பு ஒருதரம் சுருண்டுக்கிச்சு. "போற வழியிலயே கொத்திப் போட்டுருவாங்களே."

"அதேதான். உங்க பிள்ளையும் போக முடியாது, என் பிள்ளையும் போக முடியாது. அப்புறம் ஏண்ணே நீங்க ஓட்டுப் போட வர்றதில்ல?"

"ஒருதரம் வந்தேன்," அப்படின்னுச்சு பாம்பு. குரல்ல இழுவை போயிருச்சு. "முன்னாடி நின்னவன் ஓடிட்டான். பின்னாடி நிக்க ஒருத்தனும் வரல. தனியாக் கிடந்தேன். சட்டநாதன் மரத்து மேல இருந்தே, 'ஒற்றை ஆள் வரிசை ஆகாது'ன்னுட்டாரு. திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் இந்த வாசலுக்கு வந்து 'வாப்பா'ன்னு கூப்பிடல. நீதான் முதல்ல."

சொட்டுமணிக்குப் பயம் போகல. ஆனா பயத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணும் வந்து உக்காந்துக்கிச்சு.

"எனக்குப் பின்னாடி நில்லுங்கண்ணே."

"உனக்குப் பின்னாடின்னா... என் மூக்கு உன் முதுகைத் தொடணும்."

"தெரியும்."

"உனக்குப் பயமில்லையா?"

"இருக்கு. நீங்க அன்னிக்குக் காலையில வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்துருங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் எங்ககிட்ட சொல்லாதீங்க."

தேர்தல் நாள் வந்துச்சு. மருதமரத்தடியில எல்லைக்குள்ளதான் தேர்தல், ஆனா பயத்துக்கு எல்லை தெரியுமா? அந்தப் பக்கம் மயில் வரிசை. ராசமாணிக்கம், அவருக்குப் பின்னாடி ரெண்டு மயிலு, மந்தி, உடும்பு. தோகையும் வாலுமாப் பார்க்க ஊர்வலம் மாதிரி இருந்துச்சு. இந்தப் பக்கம் சொட்டுமணி. அவளுக்குப் பின்னாடி முயலுக, தவளைக, எலிக, ஆமை. கூட்டம் என்னமோ பெருசு. வரிசை மட்டும் குட்டி.

அப்ப புல்லு அசைஞ்சுச்சு.

சடையாண்டி வந்தாரு. அவ்வளவுதான், சொட்டுமணி வரிசை காணாமப் போச்சு. முயல் புதருக்குள்ள, எலி வளைக்குள்ள, ஆமை ஓட்டுக்குள்ள. சட்டநாதன் உச்சாணிக் கொம்புல.

சொட்டுமணி மட்டும் நகரல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா.

"மூக்கு... மூக்கு தொட வேண்டும்," மேல இருந்து அணில் நடுங்கிச்சு.

முதுகுல சில்லுன்னு ஒண்ணு பட்டுச்சு. அப்புறம் ஏதோ குறுகுறுன்னு ஊர்ந்துச்சு.

"அண்ணே, நாக்கை உள்ள வெச்சுக்கங்க. கூசுது."

"மன்னிச்சுக்கோம்மா... பழக்கம்." கொஞ்ச நேரம் கழிச்சு சடையாண்டி ரகசியமாச் சொன்னாரு. "சொட்டுமணி, எதிர்ல மூணு மயிலு நிக்குது. எனக்குக் கை காலெல்லாம் ஆடுது."

"உங்களுக்குத்தான் கை காலே இல்லையே."

"இருந்தா ஆடியிருக்கும்."

"நீங்க மயிலைப் பார்க்காதீங்க, என் முதுகைப் பாருங்க. நான் உங்களைப் பார்க்காம குளத்தைப் பார்த்துக்குறேன்."

அப்படியே ரெண்டு பேரும் நடுங்கிக்கிட்டே நின்னாங்க. எல்லாரும் பார்த்தாங்க. பாம்பு கடிக்கல. தவளை ஓடல.

முதல்ல செம்பகம்தான் புதரை விட்டு வெளிய வந்துச்சு. "வால் பக்கம்தானே," அப்படின்னு தனக்குத் தானே சொல்லிக்கிச்சு. "வால் கடிக்காது. வாலுக்குப் பல்லு கிடையாது." போய் பாம்பு வால் நுனியில மூக்கை வெச்சு நின்னுச்சு. அதைப் பார்த்து மத்த முயலுக. அதைப் பார்த்து எலிக, தவளைக. கடைசியா ஆமை தலையை நீட்டிக்கிட்டு வந்தாரு.

"அளங்க சட்டநாதன்," அப்படின்னாங்க மைனா டீச்சர்.

"பாம்பு பக்கமாகவா?"

"வரிசைன்னா நீளம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அணில் கோவைக்கொடியை வாயில கவ்விக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, ஒரே ஓட்டமா ஓடுச்சு. மயில் வரிசையை அளந்துச்சு, தவளை வரிசையை அளந்துச்சு. ரெண்டு கொடியையும் பக்கத்துல பக்கத்துல போட்டுச்சு. சொட்டுமணியோட கொடி நீளம். எவ்வளவு நீளம்? ஒரு சுண்டெலி அளவு.

"குளக்கரை ஜெயிச்சுச்சு!" அப்படின்னு கத்துனது யாருன்னு பார்த்தா, ஆமை.

ராசமாணிக்கம் தோகையை மடக்கிக்கிட்டு தண்ணி ஓரமா வந்தாரு. துளி வாலை ஆட்டிக்கிட்டு அவரை எட்டிப் பார்த்தான். மயிலு ரொம்ப நேரம் குனிஞ்சே நின்னுச்சு.

"இவன்தானா?" மேடைத் தமிழ் இல்லாம, சாதாரணக் குரல்ல கேட்டாரு. "இத்தனை நாள் இந்தக் குளத்துல தண்ணி குடிக்கிறேன். இவனை நான் பார்த்ததே இல்லையேம்மா."

"கீழ பார்த்தாத்தானே ஐயா தெரியும்," அப்படின்னா சொட்டுமணி. சொன்ன விதத்துல கோபம் இல்ல.

குழுக் கூட்டத்துல சொட்டுமணி ரெண்டு விஷயம் சொன்னா. ஒண்ணு, பள்ளிக்கூடம் குளக்கரையிலயே நடக்கும். ரெண்டு, இனிமே கொடி கிடையாது, தலையைத்தான் எண்ணணும். ரெண்டுமே நிறைவேறுச்சு.

சேதி கேட்டு சடையாண்டி அன்னிக்கே எல்லைக்கு வந்தாரு. மூஞ்சி வாடியிருந்துச்சு.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? என் நீளத்தாலதானே ஜெயிச்சே. அடுத்த தடவை நான் வெறும் ஒண்ணுதானா?"

"ஆமாண்ணே. மயிலும் ஒண்ணு, நானும் ஒண்ணு, நீங்களும் ஒண்ணு."

"அப்ப என் ஓட்டு உனக்குப் பெருசா வேணாம்."

"யாரு சொன்னா? ஒண்ணு குறைஞ்சாலும் குறைச்சல்தானே. அடுத்த தடவையும் புத்து வாசலுக்கு வந்து கேப்பேன்."

சடையாண்டி அதை மெதுவா முழுங்கி ஜீரணிச்சாரு. அப்புறம் மூஞ்சி தெளிஞ்சுச்சு. "வரும்போது சத்தம் குடுத்துட்டு வா. பசி நேரமா இருந்தா, நானே 'அப்புறம் வாம்மா'ன்னு சொல்லிடுறேன்."

யாரும் கூப்பிடாம ஒதுங்கிக் கிடக்கிறவங்க வாசலுக்கும் பயத்தை மீறிப் போய் நின்னு கேக்குறவங்களுக்குத்தான், ஊரோட முழு பலமும் துணைக்கு வரும்.