ஆமை கேட்ட ஓட்டம்

மலையடிவாரக் குளத்து ஆமைக்கு ஒரே ஓர் ஆசை. சாவதற்குள் ஒரு தடவையாவது, காற்று முகத்தில் அடிக்க வேகமாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும்!

அதற்கு ஒரு வழி இருந்தது. மேட்டுக் காட்டில் இடிக்காலன் என்றொரு காட்டுப்பன்றி. முயலோ அணிலோ, யார் வந்தாலும் முதுகில் ஏற்றிக்கொண்டு புழுதி பறக்கச் சரிவில் பாயும். குலுங்குகிற குலுங்கலில் குடல் வாய்க்கு வந்துவிடும். இறங்கியவர்கள் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே மறுபடி ஏறுவார்கள். கூலி ஒரே ஒரு கிழங்குதான்.

ஆமை ஒரு கிழங்கை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பியது. மேட்டுக்குப் போய்ச் சேர ஒரு மாதம் ஆயிற்று.

"இப்ப மூணு கிழங்கு!" என்றது பன்றி. "கூட்டம் தாங்கல. போன வாரமே வந்திருக்கக் கூடாதா?"

"போன வாரம் பாதி வழியில இருந்தேன் அண்ணே!"

வேறென்ன செய்யும்? திரும்பிப் போய், மூன்று கிழங்குகளோடு வந்தது. அங்கே முயலையும் காணோம், அணிலையும் காணோம். ஒரு மயில்தான் பன்றியிடம் பேசிக்கொண்டிருந்தது.

"குலுங்கினா என் தோகை கலைஞ்சிடும். மெல்ல நட. எல்லாரும் என்னைப் பார்க்கணும்! பத்துக் கிழங்கு தர்றேன்."

"சரிங்கய்யா!" என்றது பன்றி. பிறகு ஆமையைப் பார்த்து, "உனக்கும் இனிமே பத்துதான்," என்றது.

ஆமைக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஆசை விடவில்லை. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பத்துக் கிழங்கு சேர்த்து, அடுத்த வருஷம் மறுபடி மேடேறியது.

பன்றியின் முதுகில் இப்போது பாசி மெத்தை. கழுத்தில் பூமாலை. கிழங்கு தின்று தின்று வயிறு தரையைத் தொட்டது. ஆமை ஏறி உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டது. காற்று வரவில்லை.

"எப்ப அண்ணே கிளம்புவீங்க?"

"கிளம்பி ரொம்ப நேரமாச்சே!"

ஆமை கண்ணைத் திறந்தது. ஏறின இடத்து மரம் இன்னும் பக்கத்திலேயே நின்றது.

"இந்த நடை எனக்கே வருமே அண்ணே! ஒரே ஒரு தடவை ஓடுங்க. விழுந்தாலும் பரவாயில்ல!"

பன்றிக்கு ரோஷம் வந்துவிட்டது. மண்ணை உதைத்துக்கொண்டு பாய்ந்தது. பத்தடி போகவில்லை, மூச்சு இரைத்தது. ஒரு பாறையில் சாய்ந்து நின்றது.

"என்னால முடியலையே!" என்றது. அதன் குரல் உடைந்திருந்தது. "உன் கிழங்கைத் திருப்பிக் கொடுத்துடுறேன்."

ஆமை மெல்ல இறங்கியது. வந்த கோபம் போய், பாவமாக இருந்தது.

"கிழங்கு எங்கே தோண்டினாலும் கிடைக்கும் அண்ணே. அந்த ஓட்டத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்? நீங்கதான் எங்கே தேடுவீங்க?"

விலை ஏறுகிறதே என்று தன் இயல்பை விட்டுக்கொடுப்பவர், கடைசியில் விற்பதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லாமல் நிற்பார்.