தொட்டிலில் இருந்த சவுண்ட்

சாலிகிராமத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் சவுண்ட் ஸ்டுடியோ ஒன்று இருந்தது. படமோ பாட்டோ பாட்காஸ்டோ, எதைக் கொடுத்தாலும் ஒலியைச் சுத்தம் செய்து தருவோம் என்று வாசலில் பலகை. உள்ளே மூன்று பேர். முதலாளி ஆரோக்கியம், மிக்ஸிங் எஞ்சினியர் கும்பலிங்கம், மைக் பிடிக்கும் சாந்தப்பன். மூவருமே தங்கமான மனிதர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

ஒரு நாள் காலையில் மேகலா என்ற பெண் தன் முதல் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சல் குழந்தையோடு ஓர் அம்மா விடிய விடிய விழித்திருக்கும் கதை. கடைசிக் காட்சியில் அந்த அம்மா குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு கேட்கும். படம் முடியும்.

"நாளைக்குக் காலையில பட விழாக் கமிட்டி பார்க்கிறாங்க. சவுண்ட் முடியலன்னா படத்தை எடுத்துக்க மாட்டாங்க. நாலு வருஷம் சார்" என்றாள் மேகலா. "மூணு வேலைதான். அம்மா நடக்கிற சத்தம் வேணும். பக்கத்துலயே குழந்தை தூங்குற மாதிரி பயந்து பயந்து நடக்கணும். தெருவுல ஒரு நாய் குரைக்குது, அதை எடுத்துடுங்க. கடைசியில அந்த மூச்சு மட்டும் கேட்டாப் போதும்."

சொல்லிவிட்டு, போஸ்டர் அச்சாகும் இடத்துக்கு ஓடினாள்.

சாந்தப்பன் மைக் முன்னால் நடந்து பார்த்தார். கும்பலிங்கம் தலையை ஆட்டினார்.

"நடை இருக்கு. பயம் இல்லையே."

"குழந்தையே இல்லாம எப்படிண்ணே பயம் வரும்?"

நியாயம்தான். ஆரோக்கியம் தெருக்கோடியில் இருந்த தங்கை ரெஜினா வீட்டுக்குப் போய், அவளுடைய எட்டு மாதக் குழந்தை ஜொவானாவைத் தொட்டிலோடு தூக்கி வந்தார். அரும்பாடுபட்டு அப்போதுதான் தூங்கியிருந்தது. ரெஜினா கூடவே ஓடி வந்தாள். குழந்தை பிறந்த நாளிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்கியதில்லை. குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. திருப்தி வராமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணா, நான் போய்க் கொஞ்சம் கண் அசர்றேன். திரும்பி வர்ற வரைக்கும் இவ எழுந்துக்கக் கூடாது. மூச்சைப் பார்த்துட்டே இருங்க."

இப்போது அவர்களிடம் நான்கு உத்தரவுகள் சேர்ந்துவிட்டன.

சாந்தப்பன் மறுபடியும் நடந்தார். இந்தத் தடவை உண்மையான பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலில் ஊன்றி, ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்ச் சேர்ந்தார். கும்பலிங்கம் பதிவைப் போட்டுப் பார்த்தார். திரையில் கோடு அசையவே இல்லை.

"பிரமாதம்" என்று கிசுகிசுத்தார். "பயத்தைத் தவிர வேற எதுவுமே பதிவாகலை."

அடுத்தது நாய். ஆரோக்கியம் படம் எடுத்த தெருவைத் தேடிப் போய், நாயை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்தார். செவலை நாய், மரியாதையான முகம். தொட்டிலுக்குக் கீழே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. கும்பலிங்கம் ஹெட்போனை மாட்டிப் படத்தின் பதிவைக் கேட்டார். முகம் வாடிப்போயிற்று.

"அண்ணே, இன்னும் குரைக்குது."

மூவரும் நாயைப் பார்த்தார்கள். நாய் அவர்களைப் பார்த்தது.

"நாய் இங்க இருக்கு, குரைப்பு அங்க இருக்கே?" என்றார் சாந்தப்பன்.

"அப்போ குரைப்பை விட்டுட்டு வெறும் நாயை மட்டும் கொண்டாந்திருக்கீங்கண்ணே."

ஆரோக்கியத்துக்கு வெட்கமாகிவிட்டது. அதே ஆட்டோவில் திரும்பிப் போய், டீக்கடைக்காரரிடம் குரைப்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

"அது போன மாசம் குரைச்சதுங்க. இப்ப வந்து கேட்டா எப்படி?" என்றார் டீக்கடைக்காரர்.

வேறு வழி தெரியவில்லை. நாய் எந்தப் பதிவில் குரைத்ததோ அந்தப் பதிவை முழுக்க அழித்தார்கள். பிரதி ஒன்று இருந்தது. அதிலும் அதே நாய் குரைத்தது. அதையும் அழித்தார்கள்.

மிக்ஸிங் மட்டும் பாக்கி. ஸ்பீக்கரைப் போட்டால் ஜொவானா எழுந்துவிடுவாள். அதனால் அணைத்துவிட்டு, ஒலி அளக்கும் ஊசியை மட்டும் பார்த்து மிக்ஸிங் செய்தார் கும்பலிங்கம். ஊசி அசையவில்லை.

"ஊசியும் தூங்கிடுச்சு" என்று பெருமைப்பட்டார்.

"எழுப்பிடாதே" என்றார் ஆரோக்கியம். அவர் விரல் குழந்தையின் மூக்குக்குக் கீழே இருந்தது. முறை போட்டு ஆள் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மேகலா வந்தாள். வாயில் விரலை வைத்து அவளை உட்காரச் சொன்னார்கள். படம் ஓடியது. ஒரு சத்தமும் இல்லை. கடைசிக் காட்சி வந்தது. திரையில் அம்மா விரலை வைத்தாள். இருட்டில், மிக அருகில், ஒரு குழந்தையின் மூச்சு கேட்டது. கொஞ்சம் சளியோடு, நடுவில் ஒரு சின்னப் பெருமூச்சோடு.

மேகலா அழுதுவிட்டாள்.

"இதேதான் சார். எனக்கு வேண்டியது இதேதான். இது டிஸ்க்ல இருக்கில்ல?"

"இல்லைம்மா. தொட்டில்ல இருக்கு."

"அப்போ டிஸ்க்ல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லைம்மா" என்றார் கும்பலிங்கம். "அவ்வளவு சுத்தம்."

"நான் கொடுத்த பதிவு?"

"அதுலதான் நாய் இருந்துச்சு."

மேகலா நாயைப் பார்த்தாள். அது வாலை ஆட்டியது. அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. அப்போது கண்ணைத் தேய்த்துக்கொண்டு ரெஜினா வந்தாள். ஜொவானா இன்னும் தூங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, நாளைக்கும் இவளைத் தூக்கிட்டுப் போறீங்களா? நான் இன்னும் கொஞ்சம் தூங்கணும்."

மறுநாள் கமிட்டியின் முன்னால் படம் ஓடியது. திரைக்குக் கீழே, கறுப்புத் துணி போர்த்திய தொட்டில். பக்கத்தில் ஆரோக்கியம், விரலோடு. சுத்த நிசப்தம். கடைசியில் மூச்சு. கமிட்டித் தலைவர் எழுந்து நின்று கைதட்டப் போனார். சாந்தப்பன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். படம் தேர்வாயிற்று. இப்படி ஒரு துணிச்சலான ஒலியமைப்பைக் கேட்டதே இல்லை என்று எழுதியே கொடுத்தார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: விழா நெல்லூரில் நடக்கிறது, ஆகவே தெலுங்கு டப்பிங் வேண்டும்.

ஸ்டுடியோவில் அவசர ஆலோசனை நடந்தது.

"ஜொவானாவுக்குத் தெலுங்கு தெரியுமா?"

"தமிழே தெரியாது."

"அப்புறம் எப்படித் தமிழ்ப் படத்துக்கு மூச்சு விட்டா?"

"தமிழ்நாட்டுல தூங்கினாள்ல?"

விஷயம் பிடிபட்டுவிட்டது. தொட்டில், மைக், நாய் சகிதம் சூளூர்பேட்டை ரயிலில் ஏறினார்கள். ரெஜினாவும் ஏறி, உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். ஆந்திர எல்லைக்கு முன்னால் ஜொவானாவுக்கும் கண் செருகியது. மூவரும் பதறிப்போய்க் கிலுகிலுப்பையை ஆட்டினார்கள்.

"என்ன சார், பாவம், தூங்க விடுங்களேன்" என்றார் எதிர் சீட்டுக்காரர்.

"கும்மிடிப்பூண்டி தாண்டட்டுங்க" என்றார் ஆரோக்கியம், விரலை எடுக்காமல். "இப்ப தூங்கினா தமிழ்லயே தூங்கிடுவா."

நாய் மட்டும் எல்லை தாண்டியதும் எழுந்து உட்கார்ந்து, அவர்களிடம் வந்த பிறகு முதல் முறையாகக் குரைத்தது.

"எழுதிக்கோ" என்றார் கும்பலிங்கம், சாந்தப்பனிடம். "இது தெலுங்குக் குரைப்பு. எடுக்கச் சொல்லலை."