முதல் பேச்சு யாருடையது

பேச்சை முதலில் நிறுத்தியவன் என் மகன் மந்திரமூர்த்தி. நான் இல்லை. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வரி பேசும் கூட்டம். நான் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தேன். மேளம் ஒரு செட் போதும், இரண்டு வேண்டாம் என்றேன். அவன் பின்வரிசையில் இருந்தான்.

“அவரு கெடக்காரு. நீங்க மேல பேசுங்க” என்றான்.

கூட்டம் சிரித்தது. நான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் எனக்கு முன்னால் நடந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, நீயே வந்து பேசு என்று நானும் விட்டுவிட்டேன்.

வருஷங்கள் போயின. அந்த முதல் வார்த்தை வரவில்லை. அது அவன் எனக்குத் தர வேண்டியது.

இதை நான் உலகம்மாளிடம் சொன்னேன்.

எங்கள் ஊர்க் குளத்தின் கரையில் ஒரு பழைய கல் மண்டபம் உண்டு. உலகம்மாள் அங்கே இருந்தார். காவி கிடையாது. மாலை கிடையாது. என்னைவிட ரொம்ப இளையவர். மனக்குறை உள்ளவர்கள் போய் அவர் முன்னால் உட்காருவார்கள். சிலருக்குப் பதில் சொல்வார். சிலருக்குக் கஞ்சி ஊற்றி அனுப்புவார்.

என் மனைவி சொர்ணம் பங்குனியில் இறந்துபோனாள். அதன் பிறகு நான் தினமும் மண்டபத்துக்குப் போனேன். தரையைப் பெருக்குவேன். தண்ணீர் எடுத்து வைப்பேன். எதுவும் கேட்டதில்லை.

அன்று கேட்டேன்.

“அவன மொதல்ல பேச வைக்க ஒரு வழி சொல்லுங்கம்மா.”

“இத்தன வருசம் இல்லாத அவசரம் இப்ப என்ன அண்ணாச்சி?”

“திங்கக்கெழம கோயம்புத்தூர் போறான். வெல்டிங் பட்டறையில வேலையாம். தங்குறதுக்கும் அங்கேயே இடமாம். போனா வர மாட்டான்.”

“ஒங்ககிட்ட சொன்னானா?”

“அவன் அம்மா படத்துகிட்ட சொன்னான். நான் வாசல்ல இருந்தேன். கேட்டுச்சு.”

உலகம்மாள் தலையசைத்தார்.

“அவன் போயிட்டா அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு? நானும் இங்கேயே வந்து இருந்துக்கிடுதேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி. பேசாம நிக்கதுக்கு இங்க ஏற்கெனவே தூணு இருக்கு.”

நான் பெருக்குவதை நிறுத்தினேன்.

தூணில் ஒரு வெள்ளாடு கட்டிக் கிடந்தது. உலகம்மாள் அதன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“ஏட்டி, அண்ணாச்சி காலையில சாப்பிட்டாரான்னு கேளு.”

ஆடு வேப்பங்குழையைத் தின்றுகொண்டிருந்தது.

“சாப்பிட்டேம்மா” என்றேன்.

“ஏட்டி, அவரு என்ன சொல்லுதாரு?”

“இங்கதான இருக்கேன். என்கிட்டயே கேளுங்க.”

“ஏட்டி, அண்ணாச்சிக்கு மூஞ்சி செவக்கு. ஏன்னு கேளு.”

நான் துடைப்பத்தை எறிந்தேன்.

“எம்மா, நான் வயசானவன். ஆட்ட நடுவுல வச்சுப் பேசி என்னக் கேவலப்படுத்துதீங்களா?”

உலகம்மாள் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பில்லை.

“ஆடு ஒண்ணும் கூட்டிக் கொறச்சுச் சொல்லலியே அண்ணாச்சி. நான் சொன்னது சொன்னபடிதான ஒங்களுக்கு வந்துச்சு. பெறகு என்ன கோவம்?”

நான் தரையில் உட்கார்ந்தேன்.

“ஒங்க வீட்டுல நடுவுல இருந்தது யாரு?”

“சொர்ணம்.”

“அவ எப்படிச் சொல்லுவா?”

நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான். நான் வாசல் பக்கம் இருப்பேன். அவன் அடுப்படியில் இருப்பான். நடுவில் கதவு நிலையோரமாகச் சொர்ணம் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் சொர்ணம் எடுத்துச் சொன்ன பிறகுதான் பதில்.

“அந்தத் தடிமாடு ராத்திரி வீட்டுக்கு வருமா வராதான்னு கேளு” என்பேன்.

அவள் உள்ளே திரும்பி, “ஏல, அப்பா ஒன்னத் தேடுதாவ” என்பாள்.

“எனக்கு வேல கெடக்கு. கெழவன வாய மூடிக்கிட்டுப் படுக்கச் சொல்லு” என்பான்.

அவள் என் பக்கம் திரும்பி, “நீங்க நேரத்தோட சாப்பிட்டுட்டுப் படுக்கணுமாம். பனி விழுதாம். துண்டக் கழுத்துல சுத்திக்கிடணுமாம்” என்பாள்.

நான் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வேன்.

உலகம்மாள் கேட்டார்: “அவன் அப்படிச் சொல்லலன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“காது இருக்கே. தெரியும்.”

“பெறகு ஏன் துண்டச் சுத்துனீங்க?”

நான் யோசித்தேன்.

“பனி விழுந்ததும்மா.”

குளத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“இப்ப எப்படி நடக்கு வீட்டுல?”

“அவன் சோறு வடிப்பான். ‘சோறு இருக்கு’ன்னு சொவத்தப் பாத்துச் சொல்லுவான். சொவரா சாப்பிடப் போகுதுன்னு நான் சும்மா இருப்பேன். அவன் போன பெறகு போட்டுச் சாப்பிடுவேன்.”

“ஆறிப்போயிருக்குமே.”

“ஆறித்தான் இருக்கும்.”

“சரி. படத்துகிட்ட அவன் என்ன சொன்னான்? சொன்னபடியே சொல்லுங்க.”

“‘அம்மா, திங்கக்கெழம நான் கோயம்புத்தூர் போறேன். இங்க எனக்கு யாரு இருக்கா’ன்னு சொன்னான். பாத்துக்கிடுங்க. நான் இருக்கும்போதே சொல்லுதான். யாரு இருக்கான்னு!”

“அதச் சொர்ணம் கேட்டிருந்தா, திரும்பி ஒங்ககிட்ட எப்படிச் சொல்லியிருப்பா?”

நான் எழுந்துபோய்த் துடைப்பத்தை எடுத்தேன். பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினேன். மண்டபத்தின் அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு வந்தேன்.

உலகம்மாள் அப்படியே இருந்தார். அவருக்கு அவசரம் இல்லை.

சொர்ணம் என்னைக் கூப்பிடும் விதம் ஒன்று உண்டு. பேர் சொல்ல மாட்டாள். அது வாயில் வந்துவிட்டது.

“‘இந்தாங்க, கேட்டீங்களா. பிள்ள ஊருக்குப் போறானாம். போகாதன்னு சொல்லதுக்கு ஒரு ஆளு இல்லியான்னு கேக்கான்.’”

சொன்னது நான்தான். குரல் என்னுடையது மாதிரி இல்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சொர்ணம் பாத்த வேலைய இப்ப யாரு பாக்கா?”

“யாரும் பாக்கல.”

உலகம்மாள் எழுந்து ஆட்டை அவிழ்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்க ஆரம்பித்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது.

“எம்மா! அப்ப அவன் எனக்குத் தர வேண்டியது? நாலு பேரு முன்னால சொன்னானே. அத விட்டுரணுமா?”

“நான் எங்க விடச் சொன்னேன்? அது அவன் தர வேண்டியதுதான். வச்சுக்கிடுங்க.”

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். ஆடும் அவரும் கரைக்குக் கீழே மறைந்துவிட்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். மந்திரமூர்த்தி பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பார்க்காதது போல் மடித்தான்.

நான் வாசல் பக்கம் போகவில்லை. நிலையோரமாக, சொர்ணம் சாய்ந்திருக்கும் இடத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரிகிறது. அத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியாது.

சொர்ணத்தின் படத்தைப் பார்த்தேன்.

‘போறவன் தாராளமாப் போகட்டும், யாரு கையப் புடிச்சா’ என்று நாக்கில் வந்து நின்றது. அதை அங்கேயே வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

பிறகு சொன்னேன்.

“சொர்ணம், மேக்குப் பக்கம் ஓடு ஒடஞ்சு கெடக்கு. மழ வந்தா அடுப்படிக்குள்ள ஒழுகும். என் முட்டிய வச்சுக்கிட்டு நான் கூரையில ஏற முடியாது. ஒரு ஆளு மேல ஏறுனா, நான் கீழ நின்னு எடுத்துக் குடுப்பேன்.”

சட்டை மடித்த கை நின்றது.

அவன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

“அம்மா, ஏணிக்கு எங்க போக? நம்ம ஏணிதான் ஒடஞ்சுபோச்சே. சங்கரவடிவு அத்த வீட்டுலதான் இருக்கு. யாரு போயி அந்த அம்மாகிட்ட பல்லக் காட்டிக்கிட்டு நிப்பா?”

வெடுக்கென்றுதான் சொன்னான். முந்தின நாளாக இருந்தால் அந்த ஒரு பேச்சுக்கே நான் வெளியே போயிருப்பேன்.

அதைச் சொர்ணம் எப்படித் திருப்பிச் சொல்லியிருப்பாள் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்டது.

பக்கத்து வீட்டுக்குப் போய், சங்கரவடிவிடம் பல்லைக் காட்டி, ஏணியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய ஓடுகளை இறக்கினோம். படத்தை வாசலுக்கு எடுத்துவந்து சுவரில் சாத்தி வைத்திருந்தான். “அம்மா, இன்னொரு ஓடு” என்பான். நான் எடுத்துக் கொடுப்பேன். “சொர்ணம், அது கீறல் விட்ட ஓடு, அதப் போட வேண்டாம்” என்பேன். அவன் அதைப் போட மாட்டான்.

மத்தியானம் “சோறு இருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். நான் போய் உட்கார்ந்தேன். சோறு சூடாக இருந்தது.

திங்கட்கிழமை காலை. அவன் ஏற வேண்டிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு குளத்துக் கரையில் போனது. அவன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினான். ஏணியின் கால் ஈரத் தரையில் வழுக்கியது.

“அப்பா, பிடிங்க!”

நான் பாய்ந்து ஏணியை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். முட்டி தரையில் இடித்தது. ஏணி நின்றது. அவன் மேலே கூரைக் கம்பு ஒன்றில் தொங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே என்னைப் பார்த்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சங்கரவடிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“என்ன அண்ணாச்சி, மகன் பேசிட்டானே! இனி என்ன?”

நான் ஏணியை விடவில்லை.

“பதறிப்போயிக் கத்துனான். அது பேச்சுல சேராது” என்றேன்.

சேராது. விழப்போகிறவன் யாரைப் பார்த்தும்தான் கத்துவான். கால் தரையில் இருக்கும்போது, என் முகத்தைப் பார்த்து, அவனாக ஒரு வார்த்தை பேச வேண்டும். அது இன்னும் வரவில்லை.

மேலே இன்னும் பாதிக் கூரை இருந்தது. அடுத்த ஓட்டை எடுத்துக் கொடுத்தேன்.