இணையில்லாத கல்

முன்னே ஒரு காலத்தில், மழை தவறாத ஒரு நாட்டை ஆண்ட மன்னருக்குத் தாமரைக் குளம் வேண்டும் என்று ஆசை வந்தது. நந்தவனத்து நடுவே குளம் வெட்டியாயிற்று, கொடியும் நட்டாயிற்று. ஆனால் நாலு தூறல் விழுந்ததும் கரை மண் சரிந்து சரிந்து தண்ணீருக்குள் போயிற்று. சுற்றிலும் கல் பதித்தால்தான் கரை நிற்கும்.

கட்டட அதிகாரி மகுடேசுரர் எழுந்தார். "ஆயிரம் பொன் ஆகும், மகாராஜா. வடக்கு மலைக் கல்தான் தாங்கும்." அந்த மலையில் கல் வெட்டுகிறவர் தம் மைத்துனர் என்பதை அவர் சொல்லவில்லை.

மன்னரின் முகம் சுருங்கிற்று. "அவ்வளவு செலவழிக்க முடியாது. குளத்தைத் தூர்த்துவிடுங்கள்."

அரசவை விகடன் பெரியாண்டிக்கு மனசு கேட்கவில்லை. முதல் மொட்டு விட்டதை அன்று காலையில்தான் பார்த்திருந்தான். "பொறுங்கள், மகாராஜா. நம் நாட்டில் கல்லுக்கா பஞ்சம்? பத்துப் பணத்தில் முடித்துவிடலாம்" என்று சொல்லிவிட்டான்.

மகுடேசுரர் விடுவாரா? "அப்படியே ஆகட்டும். பத்துப் பணம், பத்து நாள். யாரையும் ஏவக் கூடாது. அரண்மனைக் கல்லைத் தொடக் கூடாது. முடியாவிட்டால் விகடர் நாட்டை விட்டே போகட்டும்!" வேடிக்கை பார்க்கும் ஆசையில் மன்னரும் தலையாட்டிவிட்டார்.

பெரியாண்டி நாலு நாள் அலைந்தான். பத்துப் பணத்துக்கு ஒரு வண்டிக் கல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"வரப்பு வரப்பா கல்லு குவிஞ்சு கெடக்கு. கேட்டா சும்மாவே குடுப்பாங்க" என்றாள் அவன் மனைவி செங்கமலம்.

"குடுப்பாங்கடி. சுமந்துட்டு வர்றது யாரு, நீயா?"

"நான் ஏன் சுமக்கணும்? பரிசு கிரிசு உண்டுன்னா சுமப்பேன்."

பெரியாண்டி பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

மறுநாள் அவனே தமுக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறைந்தான். "இணையில்லாத கல்லுக்குப் பத்துப் பணம் பரிசு! ஆளுக்கு ஒரு கல். குளக்கரையில் அசையாமல் பதித்து வைக்க வேண்டும். பத்தாம் நாள் மன்னர் வந்து பார்ப்பார். பரிசு பெறாதவர் கல்லைத் திரும்ப எடுத்துப் போகலாம்!"

பத்தாம் நாள் காலையில் நந்தவனம் திருவிழாப் போல ஆயிற்று. தலையில் சுமந்தும் கழுதைமேல் ஏற்றியும் சனங்கள் கல் கொண்டுவந்தார்கள். மன்னர் பார்வையில் கோணலாகத் தெரியக் கூடாதே என்று, மண்ணைத் தோண்டிப் பதித்துக் கழுவியும் விட்டார்கள். ஆனாலும் வடகரையில் முப்பது கல் அளவுக்கு இடைவெளி. இன்னும் யாராவது கல்லோடு வருகிறார்களா என்று பெரியாண்டி வாசலுக்கும் கரைக்குமாக நடந்தான்.

அப்போது மகுடேசுரரின் ஆட்கள் முப்பது பேர் வந்தார்கள். ஆளுக்கொரு மலைக்கல், எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. காலியாக இருந்த வடகரையில் வரிசையாகப் பதித்தார்கள்.

மன்னர் வந்ததும் மகுடேசுரர் முன்னால் வந்தார். "மகாராஜா, இந்த முப்பதும் முதல் தரம். ஒன்றுக்குக் கொடுத்தால் முப்பதுக்கும் பரிசு கொடுக்க வேண்டும். விகடரிடம் இருப்பதோ பத்துப் பணம்!"

"முதல் தரம்தான் ஐயா" என்றான் பெரியாண்டி. "ஆனால் நான் அறிவித்தது இணையில்லாத கல்லுக்கு. தங்கள் கல் ஒவ்வொன்றுக்கும் இருபத்தொன்பது இணை இருக்கிறதே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கரையைச் சுற்றி வந்து களைத்த மன்னர், நடுவில் குழிந்திருந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார். நாற்காலி போலச் சுகமாக இருந்தது. "இது யாருடையது?"

"என்னுதுங்க சாமி" என்றாள் ஆடு மேய்க்கும் வேம்பாயி. "இருபது வருசமா நான் குந்திக் குந்தித் தேஞ்ச கல்லு."

"இதற்கு இணை கிடையாது!" என்றார் மன்னர். பத்துப் பணமும் வேம்பாயிக்குப் போயிற்று.

"மற்றவர்கள் அவரவர் கல்லை எடுத்துப் போகலாம்" என்று பெரியாண்டி குரல் கொடுத்தான்.

சனங்கள் கல்லைப் பார்த்தார்கள், இடுப்பைத் தடவிக்கொண்டார்கள். "எவன் திரும்பச் சுமக்கிறது? ராசா குளத்துலயே கெடக்கட்டும்" என்றபடி கைவீசி நடந்தார்கள். மகுடேசுரர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவருடைய முப்பது ஆட்களும் மாயமாகியிருந்தார்கள்.

மன்னர் குளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. வயிறு குலுங்கச் சிரித்தபடி தம் முத்துமாலையைக் கழற்றிப் பெரியாண்டி கழுத்தில் போட்டார். "முப்பது மலைக்கல்லை இனாமாகக் கொடுத்த மகுடேசுரருக்கும் நம் நன்றி!" என்றார்.

மகுடேசுரரும் சிரித்துவைத்தார். மன்னர் சிரிக்கும்போது வேறென்ன செய்வது?