அவசரக் கையும் பிஞ்சுக் காலும்

விருதுநகரில் சுடலைமுத்து என்று ஒரு புரோட்டா மாஸ்டர் இருந்தார். அவருக்கு எல்லோரையும் போல இரண்டு கைகள். ஆனால் அவை ஓயாமல் பேசிக்கொள்ளும் கைகள். சரியாகச் சொன்னால், வலக்கை பேசும், இடக்கை கேட்டுக்கொண்டிருக்கும்.

வலக்கைக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. இருக்காதா பின்னே? அது மாவை வீசுகிற அழகைப் பார்க்கவே கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். சோறு அள்ளுவது அது, விருந்தாளிக்கு விபூதி கொடுப்பது அது. இடக்கையைப் 'பீச்சாங்கை' என்று கூப்பிடுவதில் அதற்கு அப்படி ஒரு சந்தோஷம். இடக்கை கோபித்துக்கொள்வதில்லை. கோபித்து என்ன ஆகப்போகிறது, ஒரே உடம்பில்தானே இருந்தாக வேண்டும்!

மாஸ்டருக்கு ஒரு பெண் பிறந்தாள். பெயர் குயிலி. நான்கு மாதமாக அவளுக்கு எண்ணெய் தேய்த்ததும் குளிப்பாட்டியதும் அம்மா மாரீஸ்வரிதான். வருகிற திங்கட்கிழமை மாரீஸ்வரி அச்சகத்து வேலைக்குத் திரும்ப வேண்டும். அவள் மூன்று மணிக்கு வந்துவிடுவாள். மாஸ்டர் நாலு மணிக்குக் கடைக்குப் போனால் போதும். அதுவரை பிள்ளையை அப்பா பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

ஆனால் பிள்ளை அப்பாவிடம் ஒட்ட வேண்டுமே! ஒட்டாவிட்டால் சாத்தூரில் இருக்கும் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பது என்று பேச்சு.

"சாத்தூரா? நான் ஒருத்தன் இருக்கும்போதா?" என்று சிலிர்த்துக்கொண்டது வலக்கை. "எண்ணெய் தேய்க்க எனக்கா சொல்லித்தரணும்? பிறந்ததிலேருந்து எண்ணெயிலயே கிடக்குறவன் நான். பீச்சாங்கை, நீ பிள்ளை தலையைத் தாங்கிப் பிடி. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

வியாழக்கிழமை காலை மாஸ்டர் தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டி, குயிலியை மேலே கிடத்தினார். தேங்காய் எண்ணெய் இளஞ்சூட்டில் தயாராக இருந்தது. வலக்கை எண்ணெயில் முங்கி எழுந்தது. கால் இரண்டு, கை இரண்டு, முதுகு ஒன்று. ஐந்து நிமிடத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று இறங்கிவிட்டது.

குயிலி முகத்தைத் திருப்பினாள். வலக்கை கவனிக்கவில்லை. காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டாள். வலக்கை நீவி நிமிர்த்தியது. அவள் உதடு பிதுங்கியது. அடுத்த நொடி வீடே அதிர்ந்தது. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் அழுகை நிற்கும் என்று வலக்கை இன்னும் வேகம் பிடித்தது.

மாரீஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஏங்க! பிள்ளையாங்க அது, இல்ல புரோட்டா மாவாங்க?"

வெள்ளிக்கிழமை நிலைமை இன்னும் மோசம். எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டதுமே குயிலி ஆரம்பித்துவிட்டாள். மாரீஸ்வரி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம கொண்டாந்து விட்டுர்றோம்க்கா" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. மாஸ்டர் எழுந்து போய் முகத்தைக் கழுவினார். நனைந்த முகத்தைத் துடைத்துவிட்ட வலக்கைக்குத் தண்ணீர் எது, கண்ணீர் எது என்று தெரிந்துவிட்டது. அன்று அது யாரையும் பீச்சாங்கை என்று கூப்பிடவில்லை.

சாயங்காலம் கடையில் மாவுருண்டைகள் காத்திருந்தன. வலக்கை ஒன்றை எடுத்து அழுத்தி விரித்தது. அது விடுக்கென்று சுருங்கிக்கொண்டது. இன்னொரு முறை விரித்தது. மறுபடியும் சுருங்கியது. வலக்கை அதை அப்படியே விட்டு ஈரத்துணியால் மூடியது.

"ஏன் விட்டுட்ட?" என்று கேட்டது இடக்கை.

"இன்னும் ஊறல. இப்ப இழுத்தா கிழிஞ்சுரும். கொஞ்ச நேரம் சும்மா விட்டா அதுவா நெகிழும். இத்தனை வருஷமாக் கூட இருக்க, இது தெரியாதா?"

"தெரியும். மாவு சுருங்கினா உனக்கு உடனே புரியுது. பிள்ளை காலைச் சுருக்கினா மட்டும் ஏன் புரியல?"

கல்லில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது.

"பயமா இருக்குடா" என்றது வலக்கை கடைசியில். "அவ அழுதா எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. முடிச்சுட்டுத் தப்பிச்சாப் போதும்னு ஆயிடுது. உனக்கு எப்படி இதெல்லாம் தெரியுது?"

"எனக்கு வேற வேலை எங்க குடுத்த? தலையைத் தாங்கிக்கிட்டு அவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தேன். மூஞ்சியைத் திருப்பினா, 'கொஞ்சம் நிறுத்து'ங்கிறா. காலை மடக்கினா, 'வேணாம்'ங்கிறா. ரெண்டையும் கேக்காட்டித்தான் கத்துறா."

சனிக்கிழமை காலை. குயிலி கிண்ணத்தைப் பார்த்ததும் காலை மடக்கினாள்.

வலக்கை நின்றது. பிஞ்சுக் காலுக்கு அரைச் சாண் தள்ளி, எண்ணெய் சொட்டச் சொட்ட, அசையாமல் நின்றது. அதன் ஆயுசில் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை.

"என்ன தாயி, வேணாமா?" என்றார் மாஸ்டர். "சரி, வேணாம்."

குயிலி அவரையே பார்த்தாள். "ஆங்" என்றாள்.

"ஆங்" என்றார் அவர்.

அவளுக்கு அது பிடித்துவிட்டது. "ஆங்ங்" என்று நீட்டினாள். அப்பாவும் நீட்டினார். இப்படி ஏழெட்டு முறை நடந்தது. பேச்சு சுவாரசியத்தில் மடங்கியிருந்த முழங்கால் தளர்ந்தது. பிறகு ஒரு குட்டிப் பாதம் நீண்டு வந்து, வலக்கையின் உள்ளங்கையில் பொத்தென்று உட்கார்ந்தது.

வலக்கை அதை மெல்ல மூடிக்கொண்டது. குதிகாலிலிருந்து முழங்கால் வரை ஒரு முறை நீவியது. நிறுத்தியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை. நடுவில் அவள் உதைத்தாள், உடனே விட்டது. இன்னொரு காலை நீட்டினாள், வாங்கிக்கொண்டது. அவள் கொட்டாவி விட்டபோது போதும் என்று துண்டால் போர்த்தியது. முதுகு பாக்கி இருந்தது. இருந்தால் என்ன?

வீட்டில் அழுகைச் சத்தமே இல்லாததைக் கண்டு பதறி, தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள் மாரீஸ்வரி. பளபளவென்று எண்ணெய் மினுங்க, அப்பாவின் மடியில் குயிலி பொக்கை வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு வரலக்கா. பிள்ள இங்கேயே இருக்கட்டும்."

இடக்கை, தாங்கியிருந்த தலையை அலுங்காமல் வைத்துக்கொண்டு கிசுகிசுத்தது. "பெரிய ஆளுதான்டா நீ! எப்படிச் செஞ்ச?"

"நான் எங்கடா செஞ்சேன்?" என்றது வலக்கை. "அவ குடுத்தா. நான் வாங்கிக்கிட்டேன்."