மைக்செட்காரன் வாங்கிய பொன்னாடை

ஊருக்கெல்லாம் மைக் கட்டுகிறவன் நான். ஆனால் "ஹலோ, ஹலோ"வைத் தாண்டி ஒரு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு தந்தியடிக்கும். வீட்டுக் குழம்பில் உப்பில்லையென்றால்கூட வாய் திறக்காமல் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன்.

அன்று கோவில்பட்டிக் கல்யாண மண்டபத்தில், "தயங்காமல் பேசுவது எப்படி" என்று நாவேந்தர் வேதமாணிக்கம் ஒரு மணி நேரமாக முழங்கிக்கொண்டிருந்தார். கூட்டமோ தன் பாட்டுக்கு ஊர்க்கதை பேசியது. அவர் கோபம் என் மேல் திரும்பியது.

"என்னய்யா மைக் இது?"

"ந... நல்ல மைக்தாங்கய்யா."

"அப்ப நீ பேசி இவங்களை அடக்கு. அடக்கிட்டா என் பொன்னாடை உனக்கு. இல்லேன்னா இனிமே இந்த மண்டபத்துல உன் மைக்செட் ஏறாது!"

மேடையேறினேன். சட்டைப்பையில் வாட்ச்மேன் அரை மணி நேரத்துக்கு முன்பே கொடுத்த சீட்டு இருந்தது. நாவேந்தர் பேச்சில் குறுக்கிடப் பயந்து அதை வாசிக்காமலே வைத்திருந்தேன். இப்போது எடுத்தேன்.

"வா... வாசலை மறிச்சு ஒரு வெள்ளைக் கார் நிக்குது. சாப்பாட்டு வண்டி உள்ளே வர முடியலை. கார் நம்பர்..."

மண்டபம் கப்சிப். கைகள் சாவியைத் தடவின.

"நா... நாலு... ஏ... ஏழு..."

நான் திக்கத் திக்க அமைதி கூடிக்கொண்டே போனது.

"ரெ... ரெண்டு... ஒண்ணு."

நாவேந்தர் பொன்னாடையை என் கையில் திணித்துவிட்டு, சாவியோடு வாசலுக்கு ஓடினார். கூட்டம் கைதட்டியது.

வீட்டுக்கு வந்து, பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பில் உப்பில்லை. தின்றுவிட்டு எழுந்தேன்.